சொடக்கு எடுக்கப் போகிறவனுக்கு

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மல்கோவா இந்த வருஷம் சுமார்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசி முடிக்கும்வரை நீ உட்காரவே இல்லை. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தாய். கேட்டால் "சும்மாதான்மா" என்கிறாய். ஆர்த்தோ வார்டில் நர்ஸாகவே காலம் தள்ளினவளிடம் சொல்கிற பதிலா இது? மறுநாள் உன் வீட்டுக்காரியிடம் வேறு ஏதோ பேசுகிற மாதிரி பேசிக் கறந்துவிட்டேன். அவளைத் திட்டாதே.

இடுப்பு வலிக்கு, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சொடக்கு எடுக்கிற கைரோபிராக்டரிடம் போகிறாயாம். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே அவர்கள் படித்து, லைசென்ஸ் வாங்கித் தொழில் செய்கிறவர்கள். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்கிற டாக்டர்கள் சங்கம் 2017-ல் சொன்னதும் அதுதான்: புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் ஒத்தடம், மசாஜ், முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்வது இவற்றைப் பார்க்கலாம். ஆனால் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச நாளில் தேவலையாகிவிடும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

உங்கப்பா கதைதான். கொலுசுப் பட்டறையில் குனிந்தே இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் விடும் என்று செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாட்டியிடம் போய் மிதி வாங்கிவந்தார். நான் கொடுத்த மாத்திரையைத் தொடவில்லை. பத்துப் பதினைந்து நாளில் சைக்கிள் எடுத்துவிட்டார். தானாகவே விட்டிருக்கும் என்றால் அவருக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரி, நான் கேட்க வந்தது வேறு. வலி காலுக்கு இறங்குகிறதா? பாதம் மரத்துப்போகிறதா? கால் கட்டைவிரலை மேலே தூக்க முடிகிறதா? உட்காருகிற இடத்தில் உணர்ச்சி குறைந்தாலோ, ஒன்றுக்கு வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதே, நேரே எமர்ஜென்சிக்குப் போ. இன்னும் ஒன்று உண்டு, அதை டாக்டர் கேட்பார், வெட்கப்படாமல் சொல். இதையெல்லாம் மருமகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

கழுத்தில் கை வைக்கவிடாதே. இடுப்பு வலிக்குக் கழுத்தில் என்ன வேலை? அபூர்வம்தான், ஆனாலும் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இருபது சிட்டிங், மொத்தமாகப் பணம் என்றால் கையெழுத்துப் போடாதே. நாலைந்து தடவையில் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடு. படுத்தே கிடக்காதே, முடிந்தவரை நட.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் சைக்கிளில் ஏறின பிள்ளை என்று எதிர்வீட்டில் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அம்மாவிடம் இடுப்பு வலி என்று சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் லேசாகக் காய்ச்சல் அடித்தாலே போன் வரும்.

ஆடிக்கு டிக்கெட் போட்டிருந்தால் தள்ளிப் போடு, அவ்வளவு நேரம் உட்கார்ந்து வர வேண்டாம். போட்டிருக்கிறாயா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. அப்புறம், கழுத்து விஷயம் மறக்காதே. காலைப் பற்றிக் கேட்டதற்கு என் நம்பருக்குத் தனியாகப் பதில் போடு. அப்பா போனுக்கு வேண்டாம், அவர் பட்டறை முழுக்கச் சொல்லிவிடுவார்.

அம்மா