வானத்திலிருந்து ஒரு வரி அனுப்ப வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானத்தில் வைஃபை வசதி பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம் பார்க்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம், அலுவலக வேலையை முடிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் ஒரு பயணிக்கு அந்த இணைப்பு உயிர் போகிற அவசரமாகத் தேவைப்படும் நேரம் ஒன்று உண்டு. அது அந்தக் கட்டுரையில் வரவில்லை. அனுபவித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மகளின் பிரசவத்துக்காக டொராண்டோ போயிருந்தேன். திரும்பும் நாளில், விமானத்துக்கு வரிசையில் நிற்கும்போது கொழுந்தனார் போன் செய்தார். என் கணவருக்கு நெஞ்சு வலி, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், ஆஞ்சியோ செய்யப் போகிறார்கள் என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். வளைகுடா வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், அங்கே மாறிச் சென்னை.

அந்த விமானத்தில் வைஃபை இருந்தது. மேலே போனதும் இணைந்தேன், பணம் கட்டும் பக்கம் வந்தது. என் வங்கி கார்டின் எண்ணைப் போட்டேன். ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. அது என் சிம்முக்கு எஸ்எம்எஸ்ஸாக வர வேண்டியது. ஃப்ளைட் மோடில், அட்லாண்டிக் கடலுக்கு மேலே, எங்கிருந்து வரும்? மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நேரம் முடிந்து பக்கம் மூடிக்கொண்டது. பணமாகத் தருகிறேன் என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன். அதற்கு வழி இல்லை என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை.

பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர். கனடாவில் வேலை, கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்து விவரம் கேட்டார். "நம்பரைச் சொல்லுங்கோ அம்மா, நான் அனுப்புறன்" என்று தன் கார்டில் பணம் கட்டி, தன் போனிலிருந்து கொழுந்தனாருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். நாற்பது நிமிடம் கழித்து பதில் வந்தது. "அண்ணி, ஸ்டென்ட் வைத்தாயிற்று. அண்ணன் கண் விழித்துப் பேசுகிறார்." அந்த இரண்டு வாக்கியத்தை எத்தனை முறை வாங்கிப் படித்தேன் என்று எனக்கே தெரியாது. பணத்தைக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால்? இதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் இந்த இணைப்பு எப்படி வருகிறது என்றும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2008-இல் பரவத் தொடங்கிய முறையில், தரையில் நிற்கும் கோபுரங்கள் மேல்நோக்கி அலை அனுப்பும், விமானத்தின் வயிற்றுப் பக்கம் இருக்கும் ஆன்டெனா அதை வாங்கும். கடலில் கோபுரம் நட முடியாதே. நீண்ட பயணங்களுக்குச் செயற்கைக்கோள்தான் வழி. அதற்கான ஆன்டெனா விமானத்தின் முதுகில் ஒரு திமில் போல இருக்கும். பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் ஒன்று கேட்டால் அந்தக் கேள்வி மேலே போய், கீழே தரை நிலையத்துக்கு வந்து, பதில் மறுபடி மேலே போய் நம்மிடம் இறங்க வேண்டும். நான்கு தடவை அந்தத் தூரம். ஒளியின் வேகத்தில் கணக்குப் போட்டால்கூட கிட்டத்தட்ட அரை வினாடி. இப்போது அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரிலேயே சுற்றுவதால் இந்தத் தாமதம் பெரிதும் குறைந்துவிட்டது. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் தன் போயிங் 777 விமானத்தில் இதை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது.

ஒரு விமானத்துக்கு வரும் மொத்த இணைப்பையும் அத்தனை பயணிகளும் பகிர்ந்துகொள்கிறார்கள், தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது போல. நாலு பேர் வீடியோ பார்க்க உட்கார்ந்தால் மற்றவர்களுக்குச் சொட்டத்தான் செய்யும். ஆனால் "ஸ்டென்ட் வைத்தாயிற்று" என்ற ஒரு வரிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு டம்ளர்கூட வேண்டாம். அரை வினாடி தாமதமாக வந்தாலும் அந்த வரிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

என் கோரிக்கை இதுதான்: வைஃபை உள்ள எந்த விமானமானாலும், எழுத்துச் செய்தி அனுப்பவும் பெறவும் எல்லாப் பயணிக்கும் கட்டணமில்லாமல் வழி வேண்டும். கார்டு கேட்கக் கூடாது, ஓடிபி கேட்கக் கூடாது. ஆன்டெனாவுக்குச் செலவு, அந்தத் திமிலால் காற்றுத் தடை, கூடுதல் எரிபொருள், செயற்கைக்கோளுக்குக் கட்டணம் என்று நிறுவனங்கள் சொல்வது உண்மைதான். வீடியோவுக்கும் மற்றதற்கும் வாங்கட்டும். அமெரிக்க விமான நிறுவனம் ஜெட்புளூ 2013-லிருந்தே வைஃபையை இலவசமாகத் தருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலையிலிருந்து கிரிஸ்ஃப்ளையர் என்ற தன் பயணிகள் திட்டத்தின் உறுப்பினர்கள் எல்லாருக்கும் தருகிறது. உறுப்பினராகப் பணம் வேண்டாம். ஆனால் தரையில் இருக்கும்போதே சேர்ந்துவிடுவது நல்லது என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜனவரியில் பரிந்துரைத்து, அந்த ஆண்டு டிசம்பரில்தான் விமானத்திலும் கப்பலிலும் இணையம் தருவதற்கான விதிகள் வந்தன. அதற்கு முன் வெளிநாட்டு விமானங்கள்கூட இந்திய வான்வெளிக்குள் வந்ததும் இணைப்பை நிறுத்த வேண்டியிருந்தது. 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகுதான் இணைப்பு தரலாம் என்பது விதி. ஏர் இந்தியா 2025 ஜனவரி 1 முதல் உள்நாட்டுப் பயணத்திலும் சில ரக விமானங்களில் அறிமுகச் சலுகையாக இலவச வைஃபை கொடுத்தது. வரவேற்கிறேன். 2024 நவம்பரில் ஏவிய நம் ஜிசாட்-20 செயற்கைக்கோள் விமான இணையத்துக்கும் பயன்படும் என்கிறார்கள். விதி இருக்கிறது, செயற்கைக்கோளும் இருக்கிறது. எழுத்துச் செய்தி இலவசம் என்று ஒரு நிபந்தனையை இப்போதே சேர்த்துவிட்டால், நாளை எல்லா விமானங்களிலும் இணையம் வரும்போது யாரும் மறுக்க முடியாது. விமானப் போக்குவரத்து அமைச்சகம் இதைச் செய்ய வேண்டும்.

கட்டணச் சேவை வேண்டும் என்பவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே, ஓடிபி வரக்கூடிய இடத்தில் இருக்கும்போதே, பணம் கட்டவும் வசதி வேண்டும். இணைப்பு வேலை செய்யாவிட்டால் நாம் கேட்காமலே பணம் திரும்பி வர வேண்டும். அப்புறம், விமானத்தின் வைஃபை பெயர் என்ன என்பதைப் பணியாளர்கள் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் விமானத்துக்குள்ளேயே விமானத்தின் வைஃபை போலவே போலி நெட்வொர்க் அமைத்துப் பயணிகளின் விவரங்களைத் திருடியதாக 2024-இல் ஒருவர் மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. என்னைப் போன்றவர்கள் பதற்றத்தில் எதைத் தொடுகிறோம் என்று பார்ப்பதில்லை.

கொஞ்ச நேரமாவது போன் இல்லாமல் இருக்கட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். தொலைபேசிப் பேச்சு விமானத்துக்குள் வேண்டவே வேண்டாம் என்பதில் நானும் அவர்கள் கட்சிதான். தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யும். எழுத்து யாரையும் எழுப்பாது. நிம்மதி வேண்டுகிறவர் போனை அணைத்து வைத்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டு வருகிறவருக்குப் பதில் வராத பன்னிரண்டு மணி நேரம் நிம்மதி ஆகாது.

அடுத்த மாதம் பேரனின் முதல் பிறந்தநாள். இந்த முறை நானும் அவரும் சேர்ந்தே போகிறோம். எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தரும் ஏஜெண்டிடம், வைஃபைக்கு இங்கேயே பணம் கட்ட முடியுமா, செய்தி மட்டும் அனுப்ப இலவசமா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்