பின்லாந்து கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர் வெயிலில் 40 டிகிரிக்குப் பழகிய உடம்பு, ஜனவரியில் பின்லாந்தில் இறங்கினால் மைனஸ் 20-ஐக்கூடப் பார்க்க நேரும். படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் கனத்த ஸ்வெட்டர் ஒன்றை வாங்கியதும் கவலை தீர்ந்தது என்கிறார்கள். கோளாறே உள்ளே போடும் பருத்தி பனியனில்தான். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். நடையை நிறுத்தியதும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அடியில் மெரினோ ஆட்டுக் கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைத் துணி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் போடுங்கள். ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால்விரல்தான் முதலில் விறைக்கும். நம் ஆம்பூர் தோல் ஷூ அழகுதான். அடிப்பாகம் வழவழப்பாக இருந்தால் உறைபனி நடைபாதையில் இடுப்பெலும்புக்கு உத்தரவாதமில்லை.

விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவே கூடாது, தைலமும் வேண்டாம். வீட்டுக்குள் வந்து, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். மரத்த கைக்குச் சூடு உறைக்காது; தண்ணீரை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். ஹீட்டரில் காட்டினால் தோல் வெந்துவிடும். நிறம் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கோடையில் புல்வெளி உண்ணி கடிக்கும். எண்ணெய் தடவாமல், கூரிய இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். ஆன்டிபயாடிக் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்காது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அட்டையோடும் ஆங்கிலச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். அவசர எண் 112.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
சத்துவாச்சாரி, வேலூர்.