அம்மாவின் முழங்கால்

அன்புள்ள சேகர்,

அம்மாவின் எக்ஸ்ரே கிடைத்தது. வலது முட்டியின் உட்புறத்தில் எலும்பும் எலும்பும் உரசுகிறது. நாலாம் நிலைத் தேய்மானம் என்று டாக்டர் எழுதியிருப்பது சரிதான். நிற்கவைத்து எடுத்த படம் என்பதால் நம்பலாம். படுக்கவைத்து எடுத்திருந்தால் இடைவெளி இருப்பதுபோல ஏமாற்றியிருக்கும். ஆனாலும் படத்தை மட்டும் வைத்து மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறிக்காதே. இரவில் வலி எழுப்புகிறதா, தெருமுனைக் கடை வரை போய்வர முடிகிறதா, மாத்திரை இல்லாமல் நாள் நகர்கிறதா என்று முதலில் கேள்.

மூன்று மாதம் ஒழுங்காக முயன்று பார்க்க இன்னும் இடமிருக்கிறது. முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடிக்கட்டும்; பத்து தடவை, மூன்று வேளை. கைத்தடி இடது கையில். வலிக்கிற காலின் பக்கமே தடியைப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும். டைக்ளோஃபெனாக்கை ஜெல்லாகத் தடவலாம். பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர் அதையே தினமும் மாத்திரையாக விழுங்கினால் சிறுநீரகம் கெடும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தாங்கும். ஆனால் அதைப் போட்டபின் மூன்று மாதத்துக்கு ஆபரேஷன் கூடாது, சீழ் பிடிக்கும் அபாயம் கூடுகிறது. சிறு துளை போட்டு மூட்டுக்குள் 'சுத்தம்' செய்யலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. 2002-இல் ஹூஸ்டனில் 180 பேரை வைத்துச் சோதித்தார்கள். தோலை மட்டும் கீறித் தைத்தவர்களைவிடச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு வலி குறையவில்லை.

சரி, எதுவரை தள்ளிப்போடலாம்? கால் முழுதாக நேராக நீள்கிற காலம் மட்டும். மல்லாந்து படுக்கச் சொல்லி, முட்டியின் பின்பக்கம் கட்டிலைத் தொடுகிறதா பார். கை நுழைகிற அளவு இடைவெளி நிலைத்துவிட்டால் இனிக் காத்திருப்பது நஷ்டம். அப்படி மடங்கியே இறுகிய முட்டியை நிமிர்த்த டாக்டர் பின்பக்கத் தசைநார்களை விடுவிக்க வேண்டும், எலும்பையும் கூடுதலாக வெட்ட வேண்டிவரும்.

தேய்மானம் உட்புறத்தோடு நின்று, நடுவிலுள்ள குறுக்குத் தசைநார் உறுதியாக இருந்தால் பாதி மூட்டு மட்டும் மாற்றினால் போதுமா என்று கேள். இரண்டு காலையும் ஒரே நாளில் வேண்டாம். 71 வயதில், இதயத்தில் ஸ்டென்ட்டோடு, அது வீண் துணிச்சல். செலவு பற்றிக் கேட்டிருந்தாய். 2017 ஆகஸ்டில் அரசு விலை உச்சவரம்பு விதித்தது மூட்டுக் கருவிக்கு மட்டும்தான். அறை, தியேட்டர், மருந்து, பிசியோவுக்குத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்.

தேதி குறிக்குமுன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) எட்டு சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். சொத்தைப் பல், நீர்க்கடுப்பு, கால்விரல் இடுக்குப் புண் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. கிருமி அந்த வழியாகத்தான் புது மூட்டுக்குப் போகும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இப்போதே வைத்துவிடு.

ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ வாக்கரில் நடக்கவைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பரிதாபப்பட்டு முட்டிக்கு அடியில் தலையணை வைப்பீர்கள். அதைத்தான் செய்யக் கூடாது! மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். தலையணை குதிகாலுக்கு அடியில், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். முட்டி தானாகத் தாழும். வலிக்கும், அழுவார், விடாதே. மடக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள், ஆனால் நொண்டலுக்குக் காரணம் பெரும்பாலும் நீளாத காலாக இருக்கும். பிசியோவுக்கு முக்கால் மணி முன்பு வலி மாத்திரை, முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம். ஆறு வாரத்தில் 90 டிகிரி மடங்காவிட்டால் உடனே டாக்டரிடம் போ. மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவதானால் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும்.

தையலில் மஞ்சளும் வேண்டாம், எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம். தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும், முட்டி சில மாதம் கதகதப்பாக இருப்பதும், 'டக்' என்ற சத்தமும் வழக்கம்தான். கெண்டைக்கால் கல்லாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு வாரம் கழிந்தும் காயம் கசிந்தாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

சம்மணம் போடுவது மட்டும் திரும்ப வராது என்று வைத்துக்கொள்ளச் சொல். பூஜைக்கு ஒரு உயர நாற்காலி வாங்கிவிடு.

கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு இடைவெளி எத்தனை விரல் என்று எழுது.

அன்புடன்,
பாலு