வாசகசாலையின் வண்ணக் கண்ணாடிகளைக் காக்கக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
பழைய வாசகசாலையின் வாசகர்கள், நாகர்கோவில்.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: புதுப்பிப்புப் பணியில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் சேதமடைவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வாகனம் நாள்தோறும் கடந்து செல்லும் கட்டடம் என்பதால் இடத்தை விவரிக்கத் தேவையில்லை. ஒழுகும் கூரையின் கீழ் குடை பிடித்து நாளிதழ் படித்த எங்களுக்கு, திருவிதாங்கூர் காலத்து இவ்வாசகசாலை புதுப்பிக்கப்படுவதில் மகிழ்ச்சியே. ஆனால் அதன் வண்ணக் கண்ணாடிகளைக் குறித்து மூன்று மனுக்கள் அளித்தும் ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறு பதில் வராததால், மீண்டும் பணிந்து தெரிவிப்பதாவது:

1. வாசல்பக்கச் சன்னல்களுக்குப் பலகை மறைப்பு இல்லை. பூச்சுவேலையின் சிமெண்டுப் பால் தெறித்துக் காய்கிறது. அதன் காரம் கண்ணாடியை அரிக்கும்.

2. காய்ந்ததை ஆசிட் ஊற்றிக் கம்பித் தூரிகையால் சுரண்டுகிறார்கள். நீலமும் சிவப்பும் கண்ணாடியை உருக்கும்போதே உலோக ஆக்சைடு சேர்த்துப் பெற்ற நிறங்கள். தாமரை இதழ்களின் கோடுகளோ மேலே தீட்டிச் சூளையில் சுட்டவை. ஒரு தாமரைக்கு இப்போதே பாதி இதழில் கோடில்லை.

3. எங்களை மிகவும் வருத்துவது மேற்குச் சுவரின் வளைவுச் சன்னல். கழற்றிய பத்துச் சட்டங்களும் வராந்தாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கப்பட்டு, மேலே சிமெண்டு மூட்டைகள் ஏற்றப்பட்டுள்ளன. துண்டுகளைப் பிணைத்திருப்பது மெல்லிய ஈயப் பட்டை. படுக்கவைத்துப் பாரம் ஏற்றினால் ஈயம் வளையும், கண்ணாடி விளிம்பில் விரியும். சென்ற செவ்வாயன்று எங்களில் ஒருவரான ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் எண்ணியபோது ஏழு சட்டங்களில் விரிசல் இருந்தது. எட்டாவதன் நடுவில் கண்ணாடியே இல்லை, அதன் ஓரத்தில் யாரோ குடித்து வைத்த தேநீர்க் குவளை இருந்தது. கழற்றுமுன் எண் இடவில்லை, படமும் எடுக்கவில்லை. எத்துண்டு எங்கே இருந்தது என்று இனி யார் சொல்வார்? கேட்டதற்கு, அலுமினியச் சன்னல் வரப்போகிறது, பழையது எதற்கு என்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் வாசல் வேப்பமரமே முறிந்து விழுந்தபோது கீறல்கூட விழாத கண்ணாடி இது, ஐயா. மாலை நாலரை மணிக்குச் சிவப்பு வெளிச்சம் நாளிதழின்மேல் விழும்போது எழுத்துத் தெரியாமல் பெஞ்சை நகர்த்திப் போடுவோம். அன்று அதை ஒரு தொல்லை என்றுகூடச் சொன்னோம்.

4. இவற்றைக் காக்கத் தேவை ஒரு பலகை, நாலு சாக்கு. இதற்கா நான்கு மனு?

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த சன்னல்கள் இன்றும் பேணப்படுவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். பேண முடியாத பொருள் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

ஆகவே, மூட்டைகளை இன்றே இறக்கி, சட்டங்களை இடையில் மெத்தென்ற துணி வைத்துச் செங்குத்தாக நிறுத்தவும், எண்ணிட்டுப் படம் எடுக்கவும், ஆசிட்டை நிறுத்தவும், கண்ணாடிப் பராமரிப்பு அறிந்தவர் பார்க்கும்வரை அலுமினியச் சன்னல் பொருத்தாதிருக்கவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். ஐப்பசி மழை தொடங்கினால் சாரல் அந்த வராந்தாவில்தான் அடிக்கும். மூட்டைகளை மட்டுமாவது இன்றே இறக்கச் சொல்லுங்கள், ஐயா.

வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வராந்தாவில் காத்திருப்போம். ஐந்து நிமிடம் இறங்கிப் பார்த்துச் செல்லுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாசகர்கள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.