மானுக்குப் பக்கத்தில் வீடு வாங்காதே

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஓய்வுக்குப் பிறகு வேட்டை ஆடிக்கொண்டு குடியிருக்க என்று நீ அனுப்பிய அரிசோனா ஊர்ப் பட்டியலை, மேப்பை விரித்து வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் பார்த்தோம். ஷோ லோ, ஈகர், பேசன், கிங்மன், கடைசியில் சியரா விஸ்டா. ராணுவத்தில் இருபது வருடத்தை முடித்துக்கொண்டு அரிசோனாவுக்கு வருவது சரியான முடிவுதான். ராணுவப் பென்ஷனுக்கு 2021 முதல் இங்கே மாநில வருமான வரி கிடையாது. மற்ற வருமானத்துக்கு ஒரே விகிதமாக 2.5 சதவீதம். பணக் கணக்கு அதோடு முடிந்தது. வேட்டைக் கணக்கில்தான் நீ தடுமாறியிருக்கிறாய்.

முதல் இரண்டு ஊரையும் எல்க் என்ற பெரிய மானுக்காகப் போட்டிருக்கிறாய், தெரிகிறது. வீட்டு ஜன்னலைத் திறந்தால் எல்க் மேயும், உண்மை. ஆனால் மேய்கிற எல்க்கைச் சுட டேக், அதாவது ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு வேண்டும்; டேக் குலுக்கலில் வருவது. ஈகரில் குடியிருக்கிறவனுக்கும் மாநிலத்தின் மறுகோடியில் யூமாவில் குடியிருக்கிறவனுக்கும் அதே சீட்டு, அதே வாய்ப்பு. யூனிட் (மாநிலம் பிரித்து வைத்திருக்கும் வேட்டைப் பகுதி) 1, 27, 9, 10 போன்ற பேர்போன இடங்களில் துப்பாக்கிக்கான ஆண் எல்க் டேக்குக்குப் பத்து, பதினைந்து வருடம் புள்ளி (டேக் விழாத வருடத்துக்குக் கிடைக்கும் போனஸ்) சேர்த்தவர்களே காத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்தாலும் வேட்டை சில நாள்தான். அந்தச் சில நாளுக்காக வருடாவருடம் பனி வாரிக்கொண்டு 6,000, 7,000 அடி உயரத்தில் குடியிருக்க வேண்டுமா? சில நாளுக்குக் கூடாரம் போதும்.

குலுக்கல் நடக்கும் விதத்தை நன்றாகப் புரிந்துகொள். எல்க், பிராங்ஹார்ன் (மறிமான் மாதிரி ஒரு விலங்கு) இரண்டுக்கும் விண்ணப்பக் கெடு பிப்ரவரித் தொடக்கம். மான், காட்டு ஆட்டுக்கு ஜூன் தொடக்கம். வசந்தகால ஹவலீனா (காட்டுப்பன்றி மாதிரி ஒரு விலங்கு), வான்கோழிக்கு அக்டோபர். ஒரு விலங்குக்கு ஐந்து விருப்பம் வரை எழுதலாம். டேக்கில் 20 சதவீதத்தை முதல் சுற்றில் அதிகப் புள்ளிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதலாக ஒரு குலுக்கல் எண் கிடைக்கும். உன் எண்களில் ஆகச் சிறியது எதுவோ அதை வைத்து வரிசை. இரண்டு சுற்றிலுமே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் இரண்டையும் பார்ப்பார்கள். நிறையப் பேர் கவிழ்வது இங்கேதான். முதல் விருப்பத்தில் கனவு வேட்டையை எழுதிவிட்டு, இரண்டாவதில் 'இருக்கட்டுமே' என்று ஒரு பெட்டை எல்க்கை எழுதிவைப்பார்கள். பெட்டை எல்க் விழும், பல வருடப் புள்ளி அன்றே பூஜ்யம். உண்மையில் வேண்டாததை எந்த விருப்பத்திலும் எழுதாதே. இன்னொன்று, டேக் பணத்தைக் குலுக்கல் சமயத்தில்தான் கார்டில் பிடிப்பார்கள். காலாவதியான கார்டால் டேக்கைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

குடியிருப்புக் கணக்கும் இதோடு சேர்ந்ததே. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து ஆறு மாதம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேறு மாநிலத்தில் குடியிருப்போர் சலுகை எதையும் எடுத்திருக்கக் கூடாது. பிப்ரவரிக் குலுக்கலில் உள்ளூர்க்காரனாக நிற்க வேண்டுமானால் ஆகஸ்ட் பிறக்குமுன் வந்து சேர். செப்டம்பரில் வந்தால் எல்க் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஜூன் மான் குலுக்கல்தான் மிஞ்சும். வந்த வாரமே டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, வாக்காளர் பதிவு மூன்றையும் மாற்றிவிடு, முதல் மின்கட்டண ரசீதைப் பத்திரப்படுத்து. அதுவரை வெளிமாநிலத்தவனாக லைசென்ஸ் எடுத்து வருடாவருடம் புள்ளி மட்டும் வாங்கிக்கொண்டிரு. செலவுதான், ஆனால் குடிவந்த பிறகும் அந்தப் புள்ளி உன் பெயரிலேயே இருக்கும். வெளிமாநிலத்தவருக்கு டேக்கில் 10 சதவீதத்துக்கு மேல் போகாது என்பதால் இப்போதைக்குப் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே.

சரி, எங்கேதான் வீடு வாங்குவது? குலுக்கலை நம்பாமல் வருடத்தில் அதிக நாள் எதை ஆடலாமோ, அதற்குப் பக்கத்தில். இந்த மாநிலத்தில் அது காடை. செப்டம்பர் 1ந் தேதி புறா திறக்கும். அக்டோபர் நடுவில் காம்பல் காடையும் ஸ்கேல்டு காடையும் திறந்து பிப்ரவரித் தொடக்கம் வரை ஓடும். டிசம்பரில் மெர்ன்ஸ் காடை. இடையே ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஹவலீனா. அதற்கும் குலுக்கல்தான், என்றாலும் எல்க் மாதிரித் தவம் கிடக்க வேண்டாம். இவை எல்லாமும், போதாததற்குக் கூஸ் மானும், அரை மணி வண்டி ஓட்டத்தில் கிடைக்கிற இடம் தென்கிழக்கு மூலை. நீ கடைசியில் எழுதிய ஊரை நான் முதலில் வைக்கிறேன்.

சியரா விஸ்டா 4,600 அடி. கோடை சுடும், ஆனால் பீனிக்ஸ் மாதிரி வாட்டாது. பீனிக்ஸில் 2023இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அங்கே வேட்டை நாயை ஐந்து மாதம் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டும். சியரா விஸ்டாவை ஒட்டியே ஹுவாசூகா கோட்டை, ஓய்வு பெற்ற உனக்கு அங்கே கமிசரி (ராணுவத்தாருக்கான மளிகைக் கடை) உண்டு. டூசானில் படைவீரர் மருத்துவமனை 75 மைல். கோட்டை நிலத்தில் அவர்களுடைய அனுமதி வாங்கி வேட்டையும் ஆடலாம். மேற்கே சொனாய்ட்டா, பாட்டகோனியா, சான் ரஃபேல் பள்ளத்தாக்கு. யூனிட் 34, 35 வகையறா. கருவாலி மரங்களும் இடுப்பளவு புல்லுமாக இருக்கும் அந்த மேடுகள்தான் மெர்ன்ஸ் காடையின் வீடு.

அந்தக் காடை மற்றக் காடை மாதிரி ஓடாது, புல்லில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நாய் முகர்ந்து நின்றால்தான் தெரியும். நாய் இல்லாதவன் காலடியில் வைத்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவான். சரிவில் கருவாலி மரத்தடியில் மண்ணைப் பார்: கூம்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழி பறித்துப் புளியாரைக் கிழங்கைத் தின்றிருக்கும். மண் ஈரமாக, குழியின் ஓரம் உதிராமல் இருந்தால் கூட்டம் பக்கத்தில்தான். ஒரு நாளைக்கு 8 வரைதான் அனுமதி; ஒரே கூட்டத்தை வழித்தெடுக்காமல் மூன்று நான்கோடு விடுவது உள்ளூர் மரியாதை. இது மான்சூன் மழைக்குப் பிறகே குஞ்சு பொரிப்பதால்தான் சீசனை டிசம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மழை பொய்த்தால் புல் இருக்காது, காடையும் இருக்காது. அந்த வருடம் கீழே இறங்கி முட்புதர்க் காட்டில் காம்பலைத் தேடு. அதற்குக் குளிர்கால மழை கணக்கு. ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு மழையின் விளைச்சலையும் எடுக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

கூஸ் மான் வெள்ளைவால் மானில் சின்ன வகை. நல்ல ஆண் மானே 100 பவுண்டைத் தாண்டுவது அபூர்வம். அதற்குக் காலைவிடக் கண்தான் வேலை செய்யும். முக்காலியில் 15 மடங்கு பைனாகுலரை மாட்டி, விடியும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்து, எதிர்ச் சரிவைக் கட்டம் கட்டமாகத் துழாவ வேண்டும். வெயில் ஏறியதும் நிழல் விளிம்புகளைப் பார். மான் எழுந்து நிழலோடு நகர்ந்து மறுபடி படுக்கும், அந்த ஒரு நிமிடம்தான் கண்ணில் படும். முழங்கால் போன பிறகும் ஆடக்கூடிய வேட்டை இது. ஓய்வுக்கு இடம் தேடுகிறவன் எழுபது வயதையும் யோசிக்க வேண்டாமா?

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேசன் இரண்டாவது, 5,000 அடி, எல்க், ஹவலீனா, வான்கோழி, கூஸ் எல்லாம் உண்டு. வாரக் கடைசியில் பீனிக்ஸ் முழுக்க அங்கே ஏறி வந்துவிடும், அதுதான் குறை. கிங்மனில் நிலம் மலிவு. ஏன் மலிவு என்று தண்ணீரைப் பற்றிக் கேட்டால் தெரியும். ஷோ லோ பக்கம் 2002இல் ரோடியோ-செடிஸ்கி தீ 4,68,000 ஏக்கரையும், ஈகர் பக்கம் 2011இல் வாலோ தீ 5,38,000 ஏக்கரையும் எரித்தன. அங்கே போவதானால் வீட்டுக் காப்பீட்டு விலையை முதலில் வாங்கிப் பார், பிறகு வீட்டைப் பார். சியரா விஸ்டாவும் இதற்கு விலக்கல்ல. 2011 மான்யுமென்ட் தீ ஹியர்ஃபோர்டு பக்கம் வீடுகளை எரித்தது, அந்த மழைக்காலத்திலேயே எரிந்த மலையிலிருந்து சேறும் பாறையும் இறங்கின. பள்ளத்தாக்கு வாயில் இருக்கும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அதைவிட முக்கியம், 36 ஏக்கர் வாங்கி வீட்டுக்குப் பின்னாலேயே சுடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடு. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குக் கால் மைலுக்குள் அவர்கள் அனுமதி இல்லாமல் வேட்டையில் சுடக்கூடாது. உன்னை மாதிரியே நாலு பேர் பக்கத்து மனைகளை வாங்கி வீடு கட்டினால் கால் மைல் வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டி உன் நிலத்திலேயே உனக்கு இடமிருக்காது. இங்கே மாடு மேய்ப்பவன் வேலி போட மாட்டான்; மாடு வேண்டாம் என்றால் நீதான் போட வேண்டும். ஊருக்குள் சின்ன மனையில், ஊர்த் தண்ணீர்க் குழாய் உள்ள வீடாக எடு. வேட்டைக்குச் சுற்றிலும் கொரோனாடோ தேசிய வனம் கிடக்கிறது. மாநில அறக்கட்டளை நிலத்தில் வேட்டை லைசென்ஸை வைத்துக்கொண்டே முறையான வேட்டைக்குப் போகலாம். ஆனால் வேட்டை இல்லாத நாளில் நாயைப் பழக்கவோ கூடாரம் போடவோ போனால் தனியாகப் பொழுதுபோக்கு அனுமதி எடுக்க வேண்டும். பழங்குடியினர் நிலத்தில் மாநில டேக் செல்லாது. அபாச்சி நிலங்களுக்கு அவர்களிடமே அனுமதி வாங்க வேண்டும், எல்லையை மேப்பில் பார்த்துக்கொள்.

போர்வெல் வீடுதான் வேண்டும் என்று மருமகள் பிடிவாதம் பிடித்தால், கிணற்றின் பதிவு எண்ணைக் கேள். 55 என்று தொடங்கும். அதைப் போட்டு மாநில நீர்வளத் துறைப் பதிவேட்டில் ஆழம், தோண்டிய வருடம், அப்போதைய நீர்மட்டம் எல்லாம் பார்க்கலாம். இன்றைய நீர்மட்டத்தை அளக்கச் சொல். அன்றைக்கும் இன்றைக்கும் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பதுதான் அந்த வீட்டின் ஆயுள். பம்ப்பை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதே, நாலு மணி நேரம் ஓட்டச் சொல். தண்ணீரில் ஆர்செனிக் பார். 10 பிபிபி-க்கு (நூறு கோடியில் 10 பங்கு) மேல் போகக்கூடாது, தனியார் கிணற்றை அரசு சோதிக்காது. வில்காக்ஸ் பக்கம் நிலம் மலிவாக வந்தாலும் தொடாதே. பெரும் பண்ணைகள் உறிஞ்சி அங்கே வீட்டுக் கிணறுகள் வற்றி, நிலமே வெடித்துக் கிடக்கிறது. லாரித் தண்ணீரை நம்பினவர்கள் கதையும் உண்டு: 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நகரம் நிறுத்தியதும் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ்காரர்கள் தவித்துப் போனார்கள். வழக்கமான வீட்டு ஒப்பந்தத்தில் சோதனைக்குப் பத்து நாள்தான். கிணறு, செப்டிக், காப்பீடு மூன்றுக்கும் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

ஃப்ரீசரைக் கராஜில் வைக்காதே. கராஜுக்கென்று விற்பதுகூட 110 டிகிரி ஃபாரன்ஹீட் வரைதான் தாங்கும், ஜூனில் மூடிய கராஜ் அதைத் தாண்டலாம். வீட்டுக்குள் ஓர் அறையில் வை. ஒரு கன அடிக்கு 35 பவுண்டு இறைச்சி என்று கணக்கு. ஒரு ஆண் எல்க் எலும்பு நீக்கி 200 பவுண்டு வந்தால் ஆறு கன அடி போய்விடும். 15 கன அடி வாங்கு. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசை வை. மான்சூன் இடியில் கரண்ட் போய் நீ ஊரில் இல்லாதபோது பனி உருகி மறுபடி உறைந்திருந்தால் காசு கீழே போயிருக்கும். அப்படி இருந்தால் இறைச்சியைத் தூக்கிப் போடு.

நாய் விஷயம். வந்த முதல் மாதமே பாம்பைத் தவிர்க்கும் பயிற்சிக்கு அனுப்பு. பையில் ஒரு சீப்பும் குறடும் எப்போதும் இருக்கட்டும்: சோயா (cholla) என்ற கள்ளியின் முள் உருண்டை ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்காமல், சீப்பைத் தோலுக்கும் முள்ளுக்கும் நடுவே நுழைத்து ஒரே சுண்டாகச் சுண்டிவிடு, மிச்ச முள்ளைக் குறடால் எடு. மழைக்கால ராத்திரியில் விஷமுள்ள பெரிய தேரை வெளியே வரும். நாய் அதைக் கவ்வினால் வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, தண்ணீர் வெளியே விழுகிற மாதிரி கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடு. இருமலோ நொண்டலோ வாரக்கணக்கில் நீடித்தால் வேலி ஃபீவரா (Valley Fever) என்று ரத்தம் பார்க்கச் சொல். மண்ணிலிருக்கும் பூஞ்சையால் வருவது, மனிதர்களுக்கும் வரும். சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால் வேறு டாக்டரைப் பார்.

வீடு பார்க்க பிப்ரவரியில் வராதே. அப்போது எந்த ஊரும் சொர்க்கம் மாதிரிதான் தெரியும். ஜூன் கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்டில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை வா. அன்று அந்த மண்பாதையில் ஓடையைக் கடந்து வீட்டுக்குப் போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு மருமகளிடம் சொல். ரோட்டு டயர் போட்டுக்கொண்டு வராதே. பத்து ப்ளை டயரும் இரண்டு ஸ்டெப்னியும் வேண்டும். அம்மா பின்பக்க அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்ட சீட்டை மறக்காமல் எடுத்துவா.

அன்புடன்,
அப்பா