மாடசாமிக்கு, புளியரையிலிருந்து

புளியரை,
ஆடி 3.

அன்புள்ள மாடசாமிக்கு,

இங்கே நலம். நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. எதிர்ப்புச் சக்திக்கான லேகிய டப்பா இரண்டையும் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். கோபப்படாதே, காரணம் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அண்ணாச்சிக்கும் நுரையீரலில் கட்டி, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று உன் கடிதத்தில் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

சாரல் விடாமல் பெய்கிறது. கோட்டைவாசல் பக்கம் மலையே தெரியவில்லை. நேற்று தட்சிணாமூர்த்தி கோயில் படியை நிற்காமல் ஏறிவிட்டேன். புற்றுக்காக வலது நுரையீரலின் கீழ் மடலை எடுத்து வருகிற புரட்டாசியோடு இரண்டு வருஷம். அதற்கு முன்னால் டி.பி. என்று சொல்லி, சளியில் கிருமியே இல்லாமல் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார் ஒரு டாக்டர். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்த மறுநாள், மூன்று உருண்டை உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்கள். முதல் உருண்டை லேசாக அசைந்தது, அவ்வளவுதான். விலாவில் குழாய், கட்டிலுக்குக் கீழே பாட்டில் தண்ணீர் குமிழிவிடும் சத்தம். இருமினால் உயிர் போகும். தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமச் சொல்லித் தந்தவர் பக்கத்துக் கட்டில் கொல்லத்துக்காரர்.

அவருக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன், ஒரே ஸ்டேஜ். நான் முப்பது வருஷம் பீடி குடித்தவன். அவர் தொட்டதே இல்லை. பதினாலாவது மாதம் மூளைக்குப் பரவி இறந்துபோனார். என் மனதைரியம்தான் என்னைக் காப்பாற்றியது என்று நீ எழுதியிருந்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தைரியம்தான் கணக்கென்றால் அவர் நூறு வயது இருந்திருப்பார். ராத்திரியெல்லாம் அழுதவன் நான். என்னைத் தேற்றியவர் அவர்.

தங்கை மகள் பேத்தாலஜி படிக்கிறாள் இல்லையா, எடுத்த கட்டியின் சீவலை ஒட்டிய என் ஸ்லைடை வாங்கிப் பார்த்துப் போனில் படம் எடுத்து வந்தாள். எல்லாம் ரோஸ் நிறம். நடுவே திட்டுத் திட்டாகப் புற்று. அதைச் சுற்றியும் அதற்குள்ளேயும் கேழ்வரகு சிந்தினதுபோல் கருநீலப் புள்ளிகள். “இதெல்லாம் உங்க லிம்போசைட், மாமா” என்றாள். வெள்ளை அணுவில் ஒரு வகை. அதில் சிடி8 என்ற வகை, புற்று அணுவை அடையாளம் கண்டு கொல்லக்கூடியது. சில இடங்களில் அவை கூடி, சின்ன நெறிக்கட்டி போலவே அமைந்திருந்தன. ஆரம்ப நிலையில் ஆபரேஷன் ஆனவர்களில் இப்படிக் கூட்டங்கள் நிறைய இருந்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்ததாகப் பாரிஸ் ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்களாம். கத்தி கட்டியைத்தான் எடுக்கும். அதற்கு முன்பே ரத்தத்தில் நழுவிய அணுக்களைத் தேடிப் பிடிப்பது இவைதான். ஆனால் இது கூட்டத்துக்குச் சொல்கிற கணக்கு, ஆளுக்கு ஆள் எழுதிய ஜாதகம் இல்லை. கொல்லத்துக்காரர் ஸ்லைடை நான் பார்த்ததும் இல்லை.

அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தியை ஏற்றிவிட்டால் போதுமே என்று நானும் கேட்டேன். அதற்கு அவள் சொன்ன கதையைக் கேள். நுரையீரல் ஆபரேஷனுக்குப் பின் நெஞ்சுக்குள் சீழ் கட்டியவர்கள், கட்டாதவர்களைவிட அதிக நாள் இருந்ததாக 1972இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. உடனே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்தை நெஞ்சுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். முதலில் நம்பிக்கை தந்தது, நிறையப் பேரிடம் சோதித்தபோது பலிக்கவில்லை. எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகக் கிளப்பிவிட்டால் அது குறிபார்த்துப் போகாது. புற்றோ பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, வந்த அணுவுக்குப் பிரேக் போட்டுவிடுகிறது. புது மருந்துகள் அந்தப் பிரேக்கைத்தான் எடுக்கின்றன. இதைக் கண்டறிந்த வேலைக்குத்தான் 2018இல் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் நோபல். பிரேக் போனால் தைராய்டையும் நல்ல நுரையீரலையும்கூட அது தாக்கும். லேகியத்தை நான் தொடாததற்கு இதுதான் காரணம். அண்ணாச்சிக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே, வேறு மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுத்தால் ஆபரேஷனே தள்ளிப்போகும்.

அதைவிட முக்கியமாக, தேதி வாங்கும் முன் டாக்டரிடம் கேள்: முதலிலேயே கீமோவோடு அந்தப் பிரேக் எடுக்கும் மருந்தைக் கொடுக்கலாமா? கட்டி உள்ளே இருக்கும்போதே கொடுத்தால் அணுக்கள் அதைப் பார்த்துப் பழகிக்கொள்கின்றனவாம். 2022இல் வெளிவந்த ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் நிவோலுமாப் என்ற அந்த வகை மருந்தும் கீமோவும் மூன்று தவணை என்று ஒதுக்கப்பட்டவர்களில் 100க்கு 24 பேருக்கு, ஆபரேஷனில் எடுத்த பகுதியில் உயிருள்ள புற்று அணுவே மிச்சமில்லை. கீமோ மட்டும் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 100க்கு 2 பேர்தான். எல்லாருக்கும் ஒத்துவராது. கட்டியில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் வேறு மாத்திரை உண்டு, அதனால் அந்தப் பரிசோதனையை முதலில் செய்யச் சொல். விலை அதிகம்தான். பணத்தைப் பற்றி யோசித்துக் கேட்காமல் இருந்துவிடாதே, நானும் இருக்கிறேன்.

பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல். அந்த மூன்று உருண்டைக் கருவியை இப்போதே வாங்கிக்கொடு, பழகட்டும். ‘தைரியமாக இரு’ என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம், பயந்தால் பயப்படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்கிறேன். அண்ணாச்சியிடம் கொடு. அந்தத் தலையணை விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

உன்,
இசக்கி