தம்பியின் இளைப்பை மறைக்க வேண்டாம்

பீடோங், கெடா,
மலேசியா.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீங்களும் தம்பியும் அப்பாயியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அப்பா கேட்ட கேள்விக்கு அப்போதே சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தம்பி இங்கு வந்து படிப்பதற்கான விண்ணப்பத்தோடு வந்திருக்கும் காப்பீட்டுப் பாரத்தில் இளைப்பு நோய் (ஆஸ்துமா) உண்டா என்று கேட்டிருக்கும் இடத்தில் "இல்லை" என்று எழுதிவிடலாமா, உண்டு என்று எழுதினால் விசாவே நின்றுவிடுமோ என்று கேட்டீர்கள். இரண்டு நாட்களாக அதே நினைவாக இருந்துவிட்டு, பேச்சில் சொல்வதைவிட எழுத்தில் சொல்வதே நல்லதென்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன மாதம் தேர்வு நெருங்கிவிட்டதால் ஒரு வாரம் பேச முடியாது என்று செய்தி அனுப்பியிருந்தேன் அல்லவா, அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருக்கவில்லை; டெங்குக் காய்ச்சலோடு சுங்கைப்பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு இரவுகள் படுத்திருந்தேன். அம்மா அழ வேண்டாம். இப்போது முழுவதும் குணமாகிவிட்டது, வகுப்புக்கும் போய் வருகிறேன். அந்த நான்கு இரவுகளில் கற்றுக்கொண்டதுதான் தம்பியைப் பற்றி நான் சொல்லப்போவதற்கெல்லாம் ஆதாரம் என்பதால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

திங்கள் இரவு குளிர் நடுக்கத்தோடு தொடங்கியது. மறுநாள் காலையில் வீட்டுக்காரப் பாட்டி என்னை இங்குள்ள அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போனார். தமக்கும் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வேண்டியிருந்ததால் இருவரும் ஒரே வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற உள்ளூர்ப் பெண் அடையாள அட்டையைக் காட்டி 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டினார்; அதே முகப்பில் நான் பாஸ்போர்ட்டைக் காட்டி 40 வெள்ளி கட்டினேன், இரத்தப் பரிசோதனைக்குத் தனியாகவும் கட்டினேன். குடிமக்களுக்கு அரசாங்கம் செலவை ஏற்றுக்கொள்கிறது, அயல்நாட்டவர் அதன் விலையைத் தாமே கட்ட வேண்டும் என்பது இந்நாட்டு விதி. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இங்கே கடைத்தெருவில் தமிழ், கோயிலில் தமிழ், அண்டை வீட்டில் தமிழ் என்று பழகிப்போய், நம் ஊரில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பிலேயே ஓர் ஆண்டைக் கழித்துவிட்ட எனக்கு, நான் யார் என்பதை அந்த முகப்புதான் முதன்முதலில் சொல்லிக் காட்டியது.

பரிசோதனையில் டெங்கு உறுதியானது. தினமும் வந்து இரத்தம் பார்க்கச் சொன்னார்கள்; பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை தொடக்கூடாது என்றார்கள். வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியதும் பாட்டி நிம்மதியடைந்து ரசம் வைத்துக் கொடுத்தார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள் என்று மருந்தியல் படிக்கும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சோர்வில் படுத்துக் கிடந்தேன். மாலையில் வயிற்று வலியும் வாந்தியும் விடாமல் வந்தன, இரத்தத் தட்டணுக்கள் 62,000 ஆகக் குறைந்திருந்தன. உடனே மருத்துவமனையில் சேர வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் மாணவர் காப்பீட்டின் பேனல் பட்டியலில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலில், உள்ள மருத்துவமனை என்று தோழி ஒருத்தி சொன்ன இடத்துக்குப் பாட்டியின் மகன் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பேனல் மருத்துவமனை என்றால் போனவுடன் படுக்கை கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காப்பீட்டு நிறுவனம் "இவர் எங்கள் காப்பீட்டில் உள்ளவர், இந்த நோய்க்கான செலவை நாங்கள் ஏற்கிறோம்" என்று மருத்துவமனைக்கு ஓர் உத்தரவாதக் கடிதம் அனுப்ப வேண்டும். இங்கே எல்லாரும் அதை ஜி.எல். என்றே சொல்கிறார்கள். அது வரும்வரை நோயாளி முன்பணம் கட்ட வேண்டும். என்னிடம் 2,000 வெள்ளி கேட்டார்கள். உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றவளிடம் முகப்பில் இருந்தவர் மூன்று முறை அதையே கேட்டார் என்பது இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. காப்பீட்டு அட்டை என் கையில் இல்லை. அது ஏழு மாதங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் வந்து, விசாவுக்கான காகிதங்களுள் ஒன்று என்று நான் திறந்தும் பார்க்காமல் விட்டிருந்தேன். கல்லூரி அலுவலகத்தைக் கூப்பிட்டால் எடுப்பார் இல்லை. இந்தக் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். வியாழன் மாலை ஐந்து மணிக்கு எங்கள் அலுவலகமும் பூட்டிவிடும், ஞாயிறு காலைதான் திறக்கும்.

பாட்டிக்குச் செய்தி போனது. ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு பழைய மைலோ பானத் தூள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கினார். தைப்பூசத்துக்குப் பேரனின் காவடிச் செலவுக்கென்று சேர்த்து வைத்த பணம். ஐம்பது வெள்ளி நோட்டுகளைப் பத்துப் பத்தாகச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார். முகப்பு மேசையில் ஒவ்வொரு சுருளாகப் பிரித்து, விரலை நாக்கில் தொட்டு எண்ணி வைத்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய விரல்கள், அப்பா. நகத்தடியில் இன்னும் கறுப்பு இருக்கிறது. பிறகு படுக்கையில் கிடந்தபடி மின்னஞ்சலைத் தேடி எடுத்தபோதுதான் அட்டையின் அடியில் 24 மணி நேரமும் கூப்பிடக்கூடிய எண் ஒன்று அச்சாகியிருப்பதைப் பார்த்தேன். இரவு 11 மணிக்குக் கூப்பிட்டோம், 2 மணிக்கு ஜி.எல். வந்துவிட்டது. பாட்டியின் பணத்தை மறுநாள் திருப்பிக் கொடுத்தார்கள். மொத்தச் செலவு ஐயாயிரம் வெள்ளிக்கு மேல், நம் கணக்கில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். அதில் நான் கட்டியது காப்பீட்டில் சேராத சில சில்லறைப் பொருட்களுக்கான 94 வெள்ளி மட்டுமே. டெங்கு கண்டால் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988 ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால், நான் வீடு திரும்புவதற்குள் எங்கள் தெரு முழுவதும் புகை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இனித் தம்பியின் செய்திக்கு வருகிறேன். அயல்நாட்டு மாணவர்களின் அனுமதிக் காரியங்களைக் கவனிக்க 2012 இல் அமைந்த எடுகேஷன் மலேசியா குளோபல் சர்வீசஸ் வழியாகத்தான் அவனுடைய விண்ணப்பமும் போகும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் மாணவர் அனுமதி கிடையாது. அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதையும் புதுப்பிக்க வேண்டும். இங்கு வந்து இறங்கியவுடன் இரத்தமும் சிறுநீரும் எடுத்து, நெஞ்சில் எக்ஸ்ரே பிடிக்கும் பரிசோதனை வேறு, காப்பீடு வேறு. அப்பா இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தப் பரிசோதனை காசநோய் போன்ற தொற்று நோய்களையும் போதைப் பொருளையும் பார்ப்பதற்கு.

பாரத்தில் "உண்டு" என்று எழுதினால் என்ன ஆகும்? பெரும்பாலும் இளைப்புக்கான சிகிச்சையை மட்டும் காப்பீட்டிலிருந்து விலக்கி வைப்பார்கள், முன்பே இருந்த நோய் என்று சொல்லி. அது நமக்கு இழப்புதான். ஆனால் டெங்கு, விபத்து, குடல்வால் என்று வேறு எது வந்தாலும் காப்பீடு நிற்கும். "இல்லை" என்று எழுதிவிட்டு ஒரு நாள் இரவு அவன் மூச்சு முட்டிச் சேர்க்கப்பட்டால், மருத்துவர் முதலில் கேட்பதே எத்தனை வருடமாக இளைப்பு என்பதைத்தான். அவனும் ஆறு வயதிலிருந்து என்று உண்மையைத்தான் சொல்வான், அது அப்படியே அறிக்கையில் ஏறும். கேட்ட கேள்விக்குத் தெரிந்தே தவறான பதில் சொல்லியிருந்தால் ஒப்பந்தத்தையே விலக்கிக்கொள்ள 2013 ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. அப்போது ஜி.எல். வராது. எல்லாருடைய தம்பிக்கும் ஒரு மைலோ டின் வந்து சேரும் என்று நாம் நம்பியிருக்க முடியாது.

இளைப்பு இங்கு வராமல் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரியும் புகை கடல் தாண்டி வந்து வாரக்கணக்கில் வானத்தை மூடிவிடுகிறது. 2015 இலும் 2019 இலும் பள்ளிக்கூடங்களையே மூடும் அளவுக்கு இருந்தது. ஆகையால் அந்தச் செலவைக் காப்பீடு தராவிட்டால் நாமே தாங்கும்படி ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். அரசாங்க மருத்துவமனையில் அயல்நாட்டவர் மூன்றாம் வகுப்பில் சேர 1,400 வெள்ளி முன்பணம், அறுவைச் சிகிச்சை என்றால் 2,800 வெள்ளி. என் படிப்புச் செலவுக்கு அனுப்பும் பணத்தில் மாதம் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதை நானே இங்கு சேர்த்து வைக்கிறேன்.

மாமா மகள் ஜெர்மனிக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லையா என்று அம்மா கேட்டீர்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு முறை இருக்கிறது. ஜெர்மனியில் 30 வயதுக்குட்பட்ட மாணவர்கள் அரசாங்க விதிப்படியான பொதுக் காப்பீட்டிலேயே சேரலாம், பழைய நோயைக் காட்டி அங்கு ஒதுக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் விசா எடுக்கும்போதே மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட வேண்டும், பிறகு அந்நாட்டவரைப் போலவே பொது மருத்துவமனைக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவில் விசாக் காலம் முழுவதற்கும் காப்பீடு எடுக்க வேண்டும், பழைய நோய்க்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். மலிவான நாடு என்று பார்த்து இடம் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

பாட்டி சிறு வயதில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவர். அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் என்ற மருத்துவ உதவியாளர் மருந்து ஊற்றிக் கொடுப்பாராம். மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று தொழிலாளர் சட்டம் இருந்ததால் காசு கேட்க மாட்டார்களாம். இப்போது தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் 2011 முதல் மருத்துவமனைக் காப்பீடு கட்டாயமாகியிருக்கிறது. என் பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாளிடம் பாட்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபடிதான் நான் தூங்கிப்போனேன்.

தம்பி செய்ய வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். நம் ஊர் மருத்துவரிடம் அவனுடைய இளைப்பின் வரலாறு, இன்ஹேலரின் பெயர், அளவு எல்லாம் எழுதிய கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்குங்கள். காப்பீட்டு ஒப்பந்தத்தில் எவை சேராது என்னும் பகுதியை அவனே படிக்கட்டும். பல், கண்ணாடி பெரும்பாலும் சேராது, உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டி விழுந்தால் பணம் மறுக்க அதுவே காரணமாகும், சில திட்டங்களில் முதல் 30 நாட்களில் வரும் நோய்க்கும் பணம் இல்லை. இங்கு சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதமே யாரிடமாவது மோட்டார் இரவல் வாங்கிவிடுகிறார்கள், அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையை அச்செடுத்துப் பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று வையுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

பாரத்தை இந்த மாதம் 20 ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அம்மா, வரும் தைப்பூசத்தில் பாட்டியின் பேரன் காவடி எடுக்கும்போது அவர்கள் வீட்டுக்கு நம் சார்பாக ஒரு பட்டுச் சேலை வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். தம்பி வரும்போது உங்கள் கையால் தேர்ந்தெடுத்து, அரக்கு நிறத்தில், கொடுத்து அனுப்புங்கள்.

தங்கள் அன்பு மகள்.